ஐந்து கால் மாடு

"இது உன் வீட்டுக்காரரோட புருவம்டீ, பாத்து நடு. கோணலா நட்டா அண்ணன் கோவக்காரரா போயிடுவாரு" என்று சொல்லி, ஊதா நாற்றுக்கட்டு ஒன்றைக் கினுயேவின் கையில் திணித்தாள் மிசாவோ.

"அவர் கோவப்பட்டு யாரு பாத்தா? எப்படி நட்டாலும் சிரிச்ச முகந்தான்."

"அப்ப நேரா நடு. இன்னும் நல்லாச் சிரிப்பாரு."

முழங்கால் சேற்றில் குனிந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஜூன் தொடங்கியிருந்தது. இவாகி மலையின் தோளில் மட்டும் பனி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரே வயலில் இறங்கியிருந்தது. ஆண்டுதோறும் நெல்லால் படம் போடுகிற ஊர் அது. ஊதா, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று இலையே நிறமாக வளரும் நெல்வகைகளைக் கயிறு கட்டிப் பிரித்த இடங்களில் நடுவார்கள். ஜூலையில் நிறம் ஏறும். வயலோரம் வேடிக்கை பார்க்கக் கட்டியிருந்த கோபுரத்தின் மேலே நின்று பார்த்தால் படம். கீழே வரப்பில் நின்று பார்த்தால் வெறும் நெல். தெற்கிலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் வாய் பிளந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நட்டவர்களுக்கு மட்டும் தாங்கள் நட்டது கண்ணா மூக்கா என்பது பிறர் சொல்லித்தான் தெரியும்.

இந்த ஆண்டு, கினுயேவின் இறந்துபோன கணவர் தொகுஜியின் முகம். மார்ச் மாதம், கூரைப் பனி சொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் மிசாவோதான் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். "நெல்படக் குழுவுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கடீ! இதைத் தொடங்கி வச்ச மனுஷன் முகத்தைப் போடணும்னு நான்தான் அடிச்சுப் பேசினேன். ஆனா முகம் பெருசு. உன் நடுவயல் இல்லாம முடியாது."

அந்த நடுவயலைக் கினுயே அதுவரை யாருக்கும் விட்டதில்லை. அவர் விரும்பிச் சாப்பிட்ட அரிசி அதில்தான் விளையும். அவர் போன பிறகும் சாமி மாடத்தில் அவர் படத்துக்கு முன் வைக்கிற சோறு அந்த வயல் சோறுதான். எத்தனையோ முறை குழு கேட்டு, எத்தனையோ முறை மாட்டேன் என்றிருக்கிறாள். அன்றைக்கு மறுபேச்சே பேசவில்லை. "எடுத்துக்கோ" என்றாள்.

"இதென்னடீ, கண்ணைச் சுத்தி வட்டமா குச்சி அடிச்சிருக்காங்க?" என்று நாற்று நடுகையில் கேட்டாள்.

மிசாவோ நிமிராமலே பதில் சொன்னாள். "அண்ணன் சிரிச்சாக் கண்ணைச் சுத்திச் சுருக்கம் விழுமே, மறந்துட்டியா? அதான்."

தான் ஒருத்திதான் அதை நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எண்ணியிருந்த கினுயே அழுதுவிட்டாள்; புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வட்டத்தை வேறு யாரையும் நட விடவில்லை. தானே நட்டாள்.

பிறகு நாள் தவறாமல் காலையில் வயலில் இறங்கிக் களை பிடுங்கினாள். "மேலே ஏறிப் பாரேன், நல்லா நிறம் பிடிச்சிருக்கு" என்று யாராவது சொன்னால், "அவரோட திதியன்னிக்குப் பாத்துக்கறேன்" என்பாள். தொகுஜி இறந்த நாள் ஜூலை நடுவில் வரும்.

அன்றைக்குக் கல்லறைக்குப் போய் நீர் ஊற்றிவிட்டு வந்து, இளங்கடற்பாசி சுற்றிச் சோற்றுருண்டை பிடித்தாள். மிசாவோவுக்கும் சேர்த்துத்தான். கோபுரத்தின் மேலே மைக் பிடித்து, வருகிறவர்களுக்குக் கதை சொல்லும் வேலை மிசாவோவுடையது. மதியச் சோறு மறந்துபோவாள்.

கோபுரத்தின் அடியில் ஆப்பிள் ஐஸ்கிரீம் விற்கும் உமே, கினுயேவைக் கண்டதும் கடையைவிட்டு எழுந்து வந்தாள்.

"மேலயா போற? இன்னிக்கு வேணாமே. ஒரே கூட்டம்."

"கூட்டம் இருந்தா எனக்கென்ன? என் புருஷனைப் பாக்கத்தானே போறேன்."

உமே எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு ஒரு ஐஸ்கிரீமை அவள் கையில் வைத்து, "சாப்பிடு, காசு வேணாம்" என்றாள். உமே யாருக்கும் எதையும் இனாமாகக் கொடுத்தவள் இல்லை. லிஃப்டில் ஏறும்போது கினுயேவுக்கு அது மட்டும் உறுத்திற்று.

மேலே கண்ணாடிச் சுவரோரம் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒரு இளைஞன் ஒதுங்கி இடம் கொடுத்தான். கினுயே குனிந்து பார்த்தாள்.

மஞ்சளில் பெரிய முகம். விரிந்த காதுகள். முதலில், படம் வரைந்தவனுக்கு முகம் சரியாக வரவில்லை போலும் என்றுதான் நினைத்தாள். பிறகு அந்த வட்டங்களைப் பார்த்தாள். இரண்டு ஊதா வட்டம், நடுவில் மூக்கின்மேல் ஒரு கோடு. மூக்குக் கண்ணாடி. ஊரில் அவ்வளவு தடித்த கண்ணாடி போடுகிறவர் ஒருவர்தான் உண்டு. மிசாவோவின் கணவர், பழைய ஊர்த்தலைவர் ஜென்கிச்சி. உயிரோடு இருக்கிறார். அன்று காலைகூடச் சைக்கிளில் எதிரே வந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

ஒலிபெருக்கியில் மிசாவோவின் குரல் வந்தது.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி, எங்க தலைவர் ஜென்கிச்சி ஐயா விளையாட்டா ஊதா நெல்லுல ஒரு மாடு போட்டாரு. கயிறு கட்டினதுல கணக்குத் தப்பி, மாட்டுக்கு அஞ்சு கால் வந்துட்டது! எல்லாரும் சிரிச்சாங்க. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'நாலு கால் மாடு எல்லா ஊர்லயும் இருக்கு, அஞ்சு கால் மாடு இங்க மட்டுந்தான்'னாரு!"

கூட்டம் சிரித்தது. கினுயேவின் கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகி விரலில் வழிந்தது.

அந்த ஆண்டு ஆப்பிள் மரத்து ஏணியிலிருந்து விழுந்து, கால் முறிந்து, மருத்துவமனை மாடியில் கிடந்தவள் அவள். சன்னலுக்குக் கீழே தெரிந்தது அவர்கள் வயல். படுத்துக் கிடக்கிறவளுக்குப் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று தொகுஜி மாடு போட்டார். அது நிறம் ஏறி மாடாகத் தெரிந்த அன்று, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவள் மிசாவோ. "அய்யய்யோ கினுயே, அஞ்சு கால்டீ!" என்று முதலில் கத்தியவளும் அவளே. தொகுஜி வந்து தலையைச் சொறிந்தபடி அந்தப் பதிலைச் சொன்னபோது கேட்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

மைக்கைப் பிடித்தபடி மிசாவோ திரும்பினாள். கினுயேவைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தவில்லை. ஒரே ஒரு கணம் குரல் தடுமாறிற்று, அவ்வளவுதான். கதையை முடித்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் படிக்கட்டு ஓரம் வந்தாள்.

"கீழ போய்ப் பேசலாம் கினுயே."

"யாருடீ அது? கண்ணாடி போட்டிருக்காரு. எங்க வீட்டுக்காரர் ஊசியில நூல் கோக்கக்கூடக் கண்ணாடி போட்டதில்லையே."

"மார்ச்சுல அண்ணன் முகந்தான், சத்தியமா. மே மாசம் குழுவுல மாத்திட்டாங்க. இலையுதிர் காலத்துல தேர்தல் வருது, இவரு மறுபடி நிக்கிறாரு, அதனால..."

"மே மாசம் மாத்தினாங்க. சரி. ஜூன்ல?"

மிசாவோ கைப்பிடிக் கம்பியைத் தடவினாள்.

"ஜூன்ல சேத்துல நின்னு புருவம்னியே. சுருக்கம்னியே. நான் அழுதேனேடீ, பாத்துக்கிட்டுதானே நின்ன?"

"சொல்லியிருந்தா வயல்ல நட விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"பாத்தியா!" என்றாள் மிசாவோ, வழக்கில் ஜெயித்துவிட்டவள் போல.

"அந்த மாடு என்ன பாவம் பண்ணிச்சு? அதையும் ஏன் தூக்கிக் குடுத்த?"

"நான் என்னடீ செய்ய? அவரு என் புருஷன்."

"மாடு போட்டவரு என் புருஷன்" என்றாள் கினுயே. மடியிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைக் கொடுக்காமலே படியிறங்கினாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே வயலில் இறங்கினாள். அந்தக் கண்ணாடி வட்டத்தில் ஒரு நெற்குத்தை இரு கையாலும் பற்றினாள். தண்டின் நடுவில் தடிப்பு தட்டுப்பட்டது. கதிர் உள்ளே உருண்டு, வெளியே வர நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. சூல்கொண்ட நெல்லைப் பிடுங்க அவளுக்குக் கை வரவில்லை. விட்டுவிட்டு வரப்பேறினாள். மறுநாள் காலையில் களை பிடுங்கப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அவள் செய்தது அவ்வளவுதான்.

மற்றதைக் குதிரைவாலிப் புல் பார்த்துக்கொண்டது. நடுவயலில் மேடான பக்கம் தண்ணீர் நிற்காது. களை அங்கேதான் முதலில் கிளம்பும். படத்தில் அது மோவாயும் கன்னமும். ஆகஸ்ட் பிறந்தபோது, ஜென்கிச்சியின் மஞ்சள் முகத்தில் காதிலிருந்து காதுவரை பச்சைத் தாடி.

"நேத்து ஒரு பொம்பளை கேக்குறா, இவரு கடல் கொள்ளைக்காரரான்னு" என்று வேலியோரம் வந்து சொன்னாள் உமே. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். "இன்னொரு குட்டிப் பொண்ணு, தாத்தா சவரமே பண்ணிக்க மாட்டாரான்னு கேக்குது."

"நீயும் தெரிஞ்சுதானே இருந்த உமே?"

சிரிப்பு நின்றது. "ஊருக்கே தெரியும். யாரு வந்து உன்கிட்டச் சொல்றது? அதான் ஐஸ்கிரீம் குடுத்தேன்."

குழுவிலிருந்து ஆள் வந்தது. கினுயே கதவைப் பாதி திறந்து, "என் வயல். யாரும் கால் வைக்கக் கூடாது" என்று சொல்லி மூடினாள்.

ஓபோன் என்ற முன்னோர் திருநாளுக்குச் சில நாள் முன்னால், தர்பூசணி ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு மிசாவோவே வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அவரு வெளியிலயே வர மாட்டேங்குறாருடீ. சின்னப் பசங்க மோவாயைத் தடவிக் காட்டுதுங்க. டிவியிலேருந்து வேற வராங்களாம். களையை நாங்க பிடுங்கிக்கறோம். நீ சும்மா இருந்தாப் போதும்."

"சும்மாதானே இருக்கேன்."

"கினுயே..."

"மைக்குல அவர் பேரைச் சொல்லு. மாடு போட்டது தொகுஜின்னு சொல்லு. முகம் உங்க ஆளு முகமாவே இருக்கட்டும்."

"அது மட்டும் போதுமா?"

"அது மட்டுந்தான்."

மிசாவோவின் முகம் தெளிந்தது. தர்பூசணியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கினுயேவின் கையைப் பிடித்தாள். "சொல்றேன். ஓபோன் அன்னிக்கு, கூட்டம் நெறைஞ்சு நிக்கும்போது சொல்றேன். அண்ணனும் வீட்டுக்கு வந்திருப்பாரு, அவரும் கேக்கட்டும்."

போனவர்கள் வீடு திரும்பும் நாளில் கேட்கட்டும் என்றதும் கினுயே இளகிவிட்டாள். மறுநாள் பெண்கள் வந்து தாடியை எடுத்தார்கள். நெல் எது, புல் எது என்று தெரியாமல் திணறிய இளம் மருமகள்களுக்குக் கினுயேவே இறங்கிக் காட்டினாள். மதியத்துக்குள் ஜென்கிச்சி வழவழவென்று ஆகிவிட்டார். தர்பூசணியையும் அறுத்து எல்லாருமாகத் தின்றார்கள்.

ஓபோனுக்கு வாசலில் தீ மூட்டித் தொகுஜியை வரவேற்றாள். மறுநாள் வரப்பில் போய் நின்றாள். கோபுரத்து ஒலிபெருக்கி அங்கே நன்றாகக் கேட்கும்.

"...எங்க தலைவர் ஜென்கிச்சி ஐயாவும், கூட இருந்து உதவி பண்ணின நண்பர்கள் சிலரும் சேர்ந்து, விளையாட்டா ஒரு மாடு போட்டாங்க..."

அடுத்த கூட்டம் ஏறும் வரை காத்திருந்தாள். மறுபடியும் கேட்டாள். நண்பர்கள் சிலர்.

சேற்றுச் செருப்போடு லிஃப்டில் ஏறினாள். மேலே நுழைந்ததும் மிசாவோவிடம் போய்க் கையை நீட்டினாள். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்கைத் தரவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல், மிசாவோ அதைத் தன் கையிலேயே வைத்துக் கினுயேவின் வாயருகே நீட்டினாள். ஊர்க் கிழவி ஒருத்தி ஏதோ பாடப் போகிறாள் என்று நினைத்துச் சிலர் கைகூடத் தட்டினார்கள்.

கினுயே வாழ்நாளில் மைக்கில் பேசியதில்லை. தன் மூச்சே அத்தனை பெரிதாகத் திரும்பி வந்ததில் திகைத்துப்போனாள்.

"அந்த மாட்டைப் போட்டது" என்றாள். எச்சில் விழுங்கினாள். "அதைப் போட்டது..."

டக் என்றது. மிசாவோவின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது.

"தொகுஜி" என்றாள் கினுயே. அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. முன்னால் நின்ற ஒரு தம்பதி புன்னகையோடு தலை வணங்கிவிட்டுப் படம் எடுக்கத் திரும்பிக்கொண்டார்கள்.

"மைக் அடிக்கடி இப்படி ஆகுதுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று கூட்டத்துக்குச் சொன்னாள் மிசாவோ. பிறகு தாழ்ந்த குரலில், "நண்பர்கள்னு சொன்னேனேடீ. அதுல அண்ணனும் வந்துட்டாரே" என்றாள்.

"வந்துட்டாரா?"

"தேர்தல் முடியட்டும். அப்புறம் பேரைச் சொல்றேன். இப்பக் கோவப்படாத."

"அறுப்புக்கு வராத."

ஒரே ஆண்டில் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் இருவரும். அன்றிலிருந்து ஒருத்தி வயலில் மற்றவள் இல்லாமல் அரிவாள் பட்டதில்லை. மிசாவோ மைக்கைக் கீழே வைத்தாள்.

"என்ன பேசுற நீ? ஒத்தையா எப்படி அறுப்ப?"

"மெதுவா."

லிஃப்ட் மேலே வந்து நின்றது. புதிய கூட்டம் விசிறியும் குடையுமாக இறங்கிற்று. கினுயே அவர்களுக்கு வழிவிட்டு, உள்ளே போய்த் திரும்பி நின்றாள்.

"அப்ப என் வயலு?" என்றாள் மிசாவோ, கதவைக் கையால் தடுத்து. "என் வயலுக்கு யாரு வருவா?"

கினுயே அந்தக் கையை மெல்ல எடுத்து விட்டாள்.

"நண்பர்கள் சிலர் வருவாங்க" என்றாள்.