அப்பாவின் கிண்ணத்துக் காசு

வாயைப் பிளந்து நான்காவது முறையாகக் கண்ணாடியில் பார்த்தாள் ஷுவேநிங். காசு தெரியவில்லை. விரலைத் தொண்டைவரை விட்டாள். ஓங்கரிப்பு வந்தது, கண்ணில் நீர் வந்தது, காசு மட்டும் வரவில்லை. அது இறங்கிப் போய்விட்டது.

வெளியே சீனப் புத்தாண்டு வெடிகள் ஓய்ந்துவிட்டன. உறைந்த ஆற்றின் மேல் புகை மட்டும் படுத்துக் கிடந்தது.

நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போலச் சுடச்சுடக் கறிக்கொழுக்கட்டை தின்றார்கள். அவற்றில் ஒன்றே ஒன்றுக்குள், கொதிநீரில் போட்டெடுத்த சின்னக் காசு ஒன்றை அம்மா வைத்திருப்பாள். அது யார் பல்லில் படுகிறதோ அவருக்கு அந்த வருஷத்து யோகம். அப்பாவின் கிண்ணத்திலிருந்து திருடித் தின்பது ஷுவேநிங்குக்குச் சின்ன வயதிலிருந்தே விளையாட்டு. இலையுதிர் காலத்தில் அப்பாவின் இரைப்பையைப் பாதிக்கு மேல் வெட்டியெடுத்த பிறகு அந்த விளையாட்டு நின்றிருந்தது. எண்ணி ஆறே கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. பழையபடி ஒன்றைப் பறித்தாள். அவர் பிடுங்குவதற்குள் மெல்லாமல் விழுங்கினாள். கெட்டியாக ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் வழுக்கிப் போனது.

அப்போதுதான் அம்மாவின் சாப்பாட்டுக் குச்சிகள் அந்தரத்தில் நின்றதைக் கவனித்தாள். அம்மாவின் கண் அப்பாவின் கிண்ணத்தில் இருந்தது.

கடைசிவரை யார் பல்லிலும் காசு படவில்லை. "மிச்சத்துல இருக்கும்போல" என்று அம்மா எழுந்துவிட்டாள்.

புத்தாண்டின் ஆறாம் நாள் அப்பாவுக்கு மறுபடியும் ஸ்கேன்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. இரண்டு மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டியவர் அப்பா. சாமைக் கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தார்.

"திருடி வந்துட்டியா? கஞ்சியைத் தர மாட்டேன், போ."

"அப்பா, நான் காசை முழுங்கிட்டேன். நாளைக்கு ஆஸ்பத்..."

"ஷ். புத்தாண்டும் அதுவுமா அபசகுனம், அஞ்சு நாளைக்கு அந்தப் பேரை வாயில எடுக்கக் கூடாதுன்னு உங்கம்மா சட்டம். வெள்ளை வீடுன்னு சொல்லு." கரண்டியைக் கீழே வைத்தார். "மூச்சு முட்டுதா? எச்சில் இறங்குதா? வலி இருக்கா?"

"எதுவும் இல்ல. ஆனா அது எங்க இருக்குன்னு தெரியலயே."

"அது பயணத்துல இருக்கு. பக்கத்துல உக்காரு."

இருபத்தாறு வருஷம் ரயில்வே சிக்னல் வேலை பார்த்தவர் அவர். ஈர விரலால் மேசைமேல் ஒரு கோடு இழுத்தார்.

"இது தொண்டைக்குழாய். இதுல எதுவும் தானா விழாது, பின்னாலேருந்து தசை தள்ளிக்கிட்டே வரும். நீ தலைகீழா நின்னு முழுங்கினாக்கூட மேல ஏத்திடும். இது இரைப்பை, பெரிய ஸ்டேஷன். இங்க கறி, மாவு, கோஸ் எல்லாம் புளிச்ச தண்ணியில கூழா கரையும். காசு கரையாது, சும்மா குளிச்சிட்டு உக்காந்திருக்கும். கோடியில ஒரு கேட் இருக்கு. அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் திறந்துவிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் சுத்திச் சுத்திப் போற நீளக் குடல். உள்ளெல்லாம் வெல்வெட்டு மாதிரி இருக்கும். சாப்பாட்டுச் சத்தையெல்லாம் அந்த வெல்வெட்டு உறிஞ்சிக்கும். அதுக்கப்புறம் பெருங்குடல், தண்ணியை இழுத்துக்கிட்டு மிச்சத்தை வெளிய அனுப்பும். ரெண்டு நாளோ நாலு நாளோ. எதுக்கும் விடிஞ்சதும் வெள்ளை வீட்டுல ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம். உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் கண்ணை மூடினாள். வயிற்றுக்குள் ஓர் இருட்டு நதி. கரையெங்கும் வெல்வெட்டுப் புல் அசைய, காசு நிலாத்துண்டுபோல மிதந்து வந்தது. ஒவ்வொரு வளைவிலும் யாரோ கொடியசைத்து அதை அனுப்பிவைத்தார்கள்.

"உங்களுக்கும் இப்படித்தானாப்பா?"

"எனக்கேது கேட்? அதையும் சேர்த்துல்ல வெட்டிட்டாங்க. எல்லா வண்டியும் நிக்காம ஓடுது. அதான் இந்தக் கரண்டிக் கஞ்சி." சிரித்தார்.

அவளால் சிரிக்க முடியவில்லை. "அப்பா, அது உங்களுக்குன்னு அம்மா வச்சது. ஆறாம் நாளுக்காக. உங்க யோகத்தை நான் முழுங்கிட்டேன்."

அவர் ஒரு வாய்க் கஞ்சியை வெகுநேரம் மென்றார். பிறகு குனிந்து அவள் வயிற்றில் காதை வைத்தார். உள்ளே களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம்.

"வண்டி கிளம்பிடுச்சு" என்றார். காதை எடுக்கவில்லை. அவர் கை அவள் முழங்காலைப் பிடித்திருந்தது, கொஞ்சம் இறுக்கமாகவே. வேடிக்கைபோலத்தான் கேட்டார், ஆனால் குரல் வேடிக்கையாக இல்லை.

"வழியில உன் உடம்பு அந்த யோகத்துல எவ்வளவு எடுத்துக்குதோ எடுத்துக்கட்டும், சந்தோஷம். வெளிய வந்ததும் கழுவிக் கொடு. ஏன் பாப்பா, எனக்குன்னு அதுல கொஞ்சம் மிச்சம் இருக்குமா?"