ஷௌகத் அலியின் நடை

மத்தூரில் மிளகாய் மண்டி வைத்திருந்த ஷௌகத் அலியின் நுரையீரலை நெடியும் பீடியும் சேர்ந்து கெடுத்திருந்தன. அறுபத்தெட்டு வயதில், வீட்டு வாசல்வரை போவதற்கே மூச்சிரைத்தபோது, மனைவி ஃபகருன்னிசா அவரைக் கிருஷ்ணகிரியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

டாக்டர் ஐசக் மருந்தோடு பயிற்சியும் கொடுத்தார். உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். வராந்தாவில் தினமும் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். ஷௌகத் அலி தேறினார். துணை இல்லாமலே ஆஸ்பத்திரி முற்றத்துக் கிணறுவரை போய் வந்தார்.

ஒருநாள் நடையின் பாதியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை, கை நெஞ்சை அழுத்தியிருந்தது. வழக்கமான இரைப்பு இல்லை இது என்று ஃபகருன்னிசாவுக்குத் தெரிந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லிடாத. படுக்க வச்சிருவாங்க. அண்ணன அப்படித்தான் படுக்க வச்சாங்க, எந்திரிக்கவே இல்ல," என்றார் அவர்.

அவள் அன்று சொல்லவில்லை. மறுநாளும் வலி வந்து, இடது கைவரை இறங்கியது. அவள் நேரே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

இருதயத்தைப் படமெடுத்துப் பார்த்த ஐசக், அதற்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கிறது என்றார். சில நாள் படுக்கை, உப்பைக் குறைத்த சாப்பாடு. ஷௌகத் அலி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவியிடம் பேச்சில்லை. அவள் கஞ்சி ஊட்டினால் குடித்தார், அவ்வளவுதான். செய்தது சரி என்று தெரிந்தும், அந்த மௌனம் அவளுக்குக் கனத்தது.

அடுத்த வாரம் டாக்டரே வந்து அவரை எழுப்பினார்.

"நடக்காம விட்டா நுரையீரல் போயிடும். வேகமா நடந்தா இருதயம் போயிடும். மெதுவா நடங்க. நெஞ்சு இறுக்குனா நின்னுடுங்க, இந்த மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சுக்குங்க. என்கிட்ட மட்டும் எதையும் மறைக்காதீங்க."

ஷௌகத் அலி கட்டில் விளிம்பைப் பிடித்துக் காலைத் தரையில் ஊன்றினார். பிறகு எழுந்தார்.

ஃபகருன்னிசா மாத்திரைக் குப்பியோடு பின்னால் நடந்தாள். கிணற்றுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் தாமாகவே நின்று, திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"குடு," என்றார். மாத்திரையை வாங்கி நாக்கடியில் வைத்துக்கொண்டு, வலி அடங்கியதும், "நீ சொன்னது நல்லதாப் போச்சு," என்றார்.

ஊர் திரும்பியதும் மண்டியை மைத்துனனிடம் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்கு மட்டும், வழியில் இரண்டு இடங்களில் உட்கார்ந்து, நடந்தே போய் வந்தார்.