இரவல் குரல்

மேற்றிசைக் கூரைகளின் பின்னே கதிரவன் மெல்லச் சரிய, கடைகள்தோறும் விளக்குகள் ஒளிர, பணி முடித்த மாந்தர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வீடு நோக்கி விரைய, அந்நெடுந்தெருவின் கோடியில் நின்ற நாடக அரங்கு மட்டும் பாதி ஒப்பனையோடு அமர்ந்த நடிகனைப் போல அரையிருளில் காத்திருந்தது. அதன் பின்னறையில் தலையில் கைவைத்து அமர்ந்திருந்தான் ஒரு பலகுரல் வித்தகன். கற்றறிந்தோரே, அவன்மீது இரக்கங்கொள்ள விரைய வேண்டா, கதை முடியட்டும்.

அரசன் முதல் ஆந்தை ஈறாக எக்குரலையும் தொண்டையில் அடக்கிய அப்பெருமகனுக்குச் சொந்தக் குரல் ஒன்று மட்டும் வாய்க்கவில்லை. வீட்டிலும் அதே கூத்துதான். ஊடல் தீர்க்கக் காதலன் குரல். குழம்பில் உப்புக் குறைந்தால் படைத்தலைவன் குரல். பிழை செய்து பிடிபட்டால் நோயுற்ற கிழவன் குரல். அரங்கத்து உடைகளைத் தைக்கும் அவன் மனைவி நெடுங்காலம் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். அவள் தந்தை மறைந்த அன்று மேடைத் துறவியின் குரலில் அவன் ஆறுதல் மொழியவே, வெறுத்துப்போய்த் தமக்கை வீடு சேர்ந்தாள்.

"உங்க குரல்ல ஒரு தடவை கூப்பிடுங்க, வந்துடறேன்" என்பதே அவள் சொல்லிச் சென்ற சொல்.

எளிய வேண்டுகோள்தான். ஆயினும் தன் குரல் எதுவென்று ஊராரிடம் கேட்கப் புறப்பட்டான் அந்த மேதை. துணிக்கடை நடத்தும் தாய்மாமன், தன்னைப்போல் அதட்டிப் பேசினால் பெண் அடங்குவாள் என்றார். வீட்டில் மனைவியின் நிழலுக்கும் நடுங்கி, கடைப் பணியாளரிடம் மட்டும் முழங்கும் மாவீரர் அவர். நாடகக்குழுத் தலைவரோ, தன்னைப்போல் விம்மிப் பேசினால் கல்லும் கரையும் என்றார். மணந்த மூவராலும் கைவிடப்பட்டவர் அவ்வறிஞர். இருவர் பாடத்தையும் நெட்டுருப் போட்டுக்கொண்டு மனைவியின் தமக்கை வீட்டு வாயிலில் போய் நின்றான்.

முதலில் அதட்டினான். உள்ளே தையற்பொறி நிற்கவேயில்லை.

"இது உங்க மாமா."

அடுத்து விம்மினான்.

"இது உங்க தலைவர். போயிட்டு வாங்க."

கற்றதெல்லாம் தீர்ந்துபோகவே, படியில் அமர்ந்தான். அப்போது, எவரிடமும் பயிலாத ஒரு குரல், மெலிந்து, கரகரத்து, அவனையும் அறியாமல் வெளிப்பட்டது.

"நீ இல்லாம வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு."

தையற்பொறி நின்றது. தாழ் விலகியது. கண்கள் நிறைய, கை நீட்டியபடி வாயிலில் நின்றாள் அவள். அந்தக் கையைப் பற்றியிருந்தால் போதும், வாழ்வு மீண்டிருக்கும். அந்தப் பேதையோ ஆவல் பொங்க நிமிர்ந்து அவளிடமே வினவினான்.

"இது நல்லா இருந்துச்சா? இல்ல, இன்னும் கொஞ்சம் தழுதழுக்கணுமா?"

நீட்டிய கை மடங்கியது. கதவு சாத்தப்பட்டது, தாழ் விழுந்தது.

அறியாத ஊருக்கு வழி கேட்பது இழிவன்று. தன் நெஞ்சின் வாயிலில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவன் யாரெனத் தெருவில் போவோரைக் கேட்பவனுக்கு யார்தாம் என்ன சொல்ல இயலும்? மறுநாள் மாலை அவன் அரங்கேறி, கதவு சாத்தித் தாழ் விழும் ஓசையை எழுப்பிக் காட்டினான். அத்துணைத் துல்லியம். அவையோரின் கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.