சாலைக்கு அந்தப் பக்கம் ஆறு மணி

என் தங்கை வெர்னா ஒரு ஹோபிக்காரனைக் கட்டிக்கொண்டபோது மொழி வேறு, சடங்கு வேறு என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். கடிகாரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் டியூபா சிட்டி, நவஹோ என்ற எங்கள் பழங்குடியின் மண். சாலையைக் கடந்தால் மோயன்கோபி, ஹோபி என்ற இன்னொரு பழங்குடியின் ஊர். மார்ச் வந்தால், சாயங்கால வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்போம். அவர்கள் தொட மாட்டார்கள். நவம்பரில் நாங்கள் பழையபடி திருப்பி வைக்கும் வரை இந்தப் பக்கம் ஏழு என்றால் அந்தப் பக்கம் ஆறு. விருந்துக்குக் கூப்பிட்டால்கூட "உங்க நேரமா, எங்க நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவோம்.

வெர்னாவுக்கு வேலை இந்தப் பக்கம், பள்ளிக்கூடச் சமையலறையில். அவள் புருஷன் மார்லனுக்கு அந்தப் பக்கம், லாரி நிறுத்துமிடத்தில் இரவுக் காவல். சாலைக்கு இந்தப் பக்கம் இருந்த இவர்கள் வீட்டில்தான் எங்கள் தம்பி லேலண்ட் இருந்தான். ரோடியோ பந்தயத்தில் காளை மேலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போனவன். பேச்சு வரும், ஆனால் தொண்டையில் குழாய். அதில் சளி கட்டினால் இயந்திரம் வைத்து யாராவது உறிஞ்சி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு அடைத்துவிடும். அதனால் அவனைத் தனியாக விடவே முடியாது.

குளிர்காலத்தில் சிக்கல் இல்லை. காலை ஏழுக்கு வெர்னா கிளம்புவாள், அதே ஏழுக்கு மார்லன் வந்துவிடுவான். கடிகாரத்தைத் தள்ளி வைத்தால் நடுவில் ஒரு மணி நேரம் ஓட்டை விழும். அதை அடைக்க மார்லன் வருஷா வருஷம் முதலாளியிடம் கெஞ்சி, அவர்கள் நேரம் ஏழுக்கு முடிய வேண்டிய காவலை அந்த மாதங்களில் மட்டும் ஆறுக்கே முடித்துக்கொண்டு ஓடி வருவான். எனக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

கடிகாரத்தைத் தள்ளி வைத்த ஞாயிற்றுக்கிழமை, லேலண்டுக்கு நீலச்சோளக் கூழ் ஊட்டிக்கொண்டே பொரிந்து தள்ளினேன். "யாருக்குடா இதால பிரயோஜனம்? ஆட்டுக்கா, சோளத்துக்கா?"

"எனக்குத்தான்க்கா," என்றான் லேலண்ட். "வெர்னா வந்து, சமைச்சு, என்னை நாற்காலியில தூக்கி வெக்கிறதுக்குள்ள இத்தனை நாளா இருட்டிடுச்சு. இன்னிக்கு மைதானத்துக்குப் போகலாம். பசங்க கயிறு வீசுறானுங்களே, ஒருத்தனுக்காவது ஒழுங்கா வருதா? நான் திட்டலைன்னா யாரு திட்டுவா?"

"திட்டுறதுக்குன்னு தனியா ஒரு மணி நேரமா உனக்கு?"

மூலையில் மார்லன் சிரித்தான். லேலண்ட் அவனையும் விடவில்லை. "மச்சான், நீங்க ஆறு மணிக்குப் படுக்குறீங்க, அவ ஏழு மணிக்குப் படுக்குறா. அப்புறம் புள்ள எங்கேருந்து வரும்?"

கரண்டியாலேயே அவன் வாயை அடைத்தேன். வெர்னா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாயங்காலம் நாங்கள் எல்லோரும் மைதானத்துக்குப் போனோம். கன்றுக்குட்டிகளைத் துரத்திக்கொண்டு பையன்கள் கயிறு வீசினார்கள். லேலண்ட் தொண்டை கம்மும்வரை அவர்களைத் திட்டினான். காற்று கிளம்பி மணல் கண்ணில் விழுந்தபோதுகூட வீட்டுக்குத் திரும்ப அவனுக்கு மனசில்லை.

எங்கள் ஊரில் கைபேசி காட்டும் மணியை நம்பக்கூடாது. இந்தப் பக்கத்துக் கோபுரத்தின் சிக்னல் கிடைத்தால் எங்கள் நேரம் காட்டும், அந்தப் பக்கத்துக் கோபுரம் கிடைத்தால் அவர்கள் நேரம். அன்று இரவு காவலுக்குப் போன மார்லன், தனக்கு முந்தின காவல்காரனின் கைக்கடிகாரத்தோடு கைபேசியை ஒத்துப் பார்த்தான். கைபேசி எங்கள் நேரத்தைக் காட்டியது. இது காட்டுவதில் ஒன்று கழித்தால் நம் நேரம் என்று மனதில் முடிந்துகொண்டான். இங்கே வாழ்கிற யாரும் அப்படித்தான் செய்வார்கள். விடிவதற்குள் எப்போதோ அந்தச் சனியன் சத்தமில்லாமல் அவர்கள் நேரத்துக்குத் தாவிவிட்டது. அது ஆறு காட்டியபோது மார்லன் ஒன்று கழித்தான். இன்னும் ஐந்துதான் ஆகிறது என்று உட்கார்ந்திருந்தான்.

வானம் தெரிந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். மணற்காற்று கண்ணாடிக்கு வெளியே எதையும் காட்டவில்லை. காற்று விலகி வெளிச்சம் தெரிந்ததும் பதறிப்போய் வண்டியை எடுத்தான். அதற்குள் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது.

வெர்னா எங்கள் ஏழு மணிக்கு வாசலில் தயங்கி நின்றாளாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். "நீ போ, மச்சான் வண்டிச் சத்தம் கேக்குது," என்றானாம் லேலண்ட். கேட்டது காற்றின் சத்தம்.

மார்லன் உள்ளே போனபோது வானொலி பாடிக்கொண்டிருந்தது. உறிஞ்சும் இயந்திரம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் தம்பிக்குத்தான் கை எழும்பாதே.

சாவு விழுந்த வீட்டில் நாங்கள் இருப்பதில்லை. நாலு நாள் அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. வெர்னா என் வீட்டுக்கு வந்துவிட்டாள், மார்லன் மோயன்கோபியில் அவன் அம்மா வீட்டுக்குப் போனான். நாலு நாள் கழிந்தும் அவள் அவனோடு போகவில்லை. அவன் என் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, அவகிட்ட சொல்லுங்க. நான் தூங்கல. முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன். ஒன்னு கழிச்சேன், அவ்வளவுதான்."

சொன்னேன். வெர்னா பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

கோடையில் ஊர்க்கூட்டத்துக்கு நானே தீர்மானம் கொண்டுபோனேன். இந்தக் கடிகாரத் தள்ளல் நமக்கு இனி வேண்டாம் என்று. ஒரு பெரியவர் எழுந்தார்.

"யூட்டாவுல இருக்குற நம்ம ஜனமும் நியூ மெக்சிகோவுல இருக்குற நம்ம ஜனமும் தள்ளி வெக்கிறாங்க. நாம மட்டும் விட்டா, ஒரே ஜனம் ரெண்டா கிழிஞ்சிடாதாம்மா?"

"என் வீடு கிழிஞ்சு கெடக்கே, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன். பிறகு, தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். அங்கும் இங்குமாகக் கைகள் எழுந்தன. பக்கத்தில் வெர்னா கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கையைத் தூக்குடி."

"மாட்டேன்க்கா."

"உனக்கென்ன பைத்தியமா? இதுதானேடி அவனைக் கொன்னது!"

"இந்த வெளிச்சம் வேணும்னு சொன்னதும் அவன்தான். நீதான கூழ் ஊட்டிக்கிட்டிருந்த? மறந்துட்டியா?" அவள் என்னைப் பார்க்கவில்லை. "கடைசியா அவனுக்குக் கெடச்ச சாயங்காலம் அது ஒன்னுதான்க்கா. அதை வேண்டாம்னு நான் கை தூக்க மாட்டேன்."

தூக்கிய கை எனக்கு வலித்தது. இறக்கிக்கொண்டேன். தீர்மானம் தோற்றது.

வெளியே மார்லனின் வண்டி நின்றது. கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டானாம். இப்போதெல்லாம் எங்கே போனாலும் அப்படி முன்கூட்டியே போய்க் காத்துக் கிடக்கிறான். இரண்டு கையிலும் ஒவ்வொரு கடிகாரம் கட்டியிருந்தான், ஒன்றில் எங்கள் நேரம், ஒன்றில் அவர்கள் நேரம்.

அந்தச் சாவுக்குப் பிறகு முதல் தடவையாக வெர்னா அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குப் போனான் அவன்?"

மார்லன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தெரியல வெர்னா. நான் அங்க இல்லியே."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்து என் வண்டியில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் மைதானம் வந்தது. இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. பையன்கள் கயிறு வீசிக்கொண்டிருந்தார்கள், தப்புத் தப்பாக. திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.