பசுவுக்குப் பின்னால்

மாம்பலத்தில் வக்கீல் ஐயா பங்களா கட்டிய எட்டு மாசமும் நானும் என் சம்சாரம் பாஞ்சாலியும் அந்த மனையிலேயே, கிணற்றோரம் குடிசை போட்டு இருந்தோம். பகலில் கலவை சுமப்போம், ராத்திரி செங்கல்லுக்குக் காவல். சுதந்திரம் வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. இனிமேல் எல்லோருக்கும் ஓட்டு என்று லிஸ்ட் எழுத வந்த குமாஸ்தா துரைராஜ், "ஆறு மாசத்துக்கு மேல இங்க இருக்கியா? சரி, இந்த வீட்டு நம்பர்லயே ரெண்டு பேரையும் எழுதிக்கறேன். மறுபடி வந்து பார்ப்பேன். அப்போ ஆள் இருக்கணும்" என்றார்.

நாற்பதுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். சர்க்கார் காகிதத்தில் கோதண்டபாணி என்ற என் பேர் ஏறியது அதுதான் முதல் தடவை.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் குடிசையைப் பிரிக்கச் சொன்னார்கள். "குமாஸ்தா வந்து போறவரைக்கும் இருக்கட்டுமே சாமி" என்றேன்.

"நாலு பேர் வர இடத்துல குடிசை நின்னா நன்னாவா இருக்கும்?" என்றார் ஐயா. கோபமாகச் சொல்லவில்லை. பிரித்தோம்.

மறுநாள் ஒன்பது மணிக்கு முகூர்த்தம். முதலில் நுழைய வேண்டிய பசு வாசற்படியிலேயே நின்றுவிட்டது. நாங்கள் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்த சிவப்புத் தரை, குளம்பு வழுக்குகிறது.

"நாழியாறது, கோதண்டபாணியைக் கூப்பிடுங்கோ!"

எனக்குக் கொடுத்த புது வேட்டியைத் தரையில் விரித்து, பசுவைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் போனேன். அப்போது வாசலில் துரைராஜ் குரல் கேட்டது.

"கிணத்தாண்ட இருந்தவங்க எங்கே?"

"அவா காலி பண்ணிட்டா" என்றார் ஐயா.

"சார், நான் இங்கதான் கீறேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

கூடமே சிரித்தது. "இன்னா நைனா, பசுவோட நீயும் குடி வந்துட்டியா?" என்றார் வாசலில் நின்ற மேஸ்திரி பீர் முஹம்மது.

பசுவை விட்டுவிட்டு ஓட முடியவில்லை. நான் வெளியே வந்தபோது துரைராஜ் கையில் பென்சில்.

"பேரை அடிக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி காட்டு சார்."

காட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார். கீழே பாஞ்சாலி.

"இனிமே எங்கே இருப்பே?"

"அடுத்த வீடு எங்க கட்டறாங்களோ, அங்க."

"அங்க ஆறு மாசம் இருந்துட்டுச் சொல்லு, சேர்த்துக்கலாம்."

"நீ ரெண்டாவது தபா வர்றதுக்குள்ள அந்த வீடும் முடிஞ்சிடுமே சார்."

அவர் எங்கள் ரெண்டு பேருடைய பேர் மேலேயும் கோடு போட்டார். உள்ளேயிருந்து பாஞ்சாலியைக் கூப்பிட்டார்கள், தரையில் குளம்புத் தடம் துடைக்க.