பெற்றவள் கேட்டாலும்

எங்கள் விமானக் கம்பெனியில் பயணிகளின் போனுக்குப் பதில் சொல்லும் வேலை எனக்கு. போன வருடம் எவனோ எங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனான். அதன்பிறகு தகவல் பாதுகாப்புக்கென்று ஓர் அதிகாரி வந்தார். மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்று, பென்டிரைவ் கொண்டுவராதே, எழுந்தால் திரையைப் பூட்டு என்று உயிரை வாங்கினார். பாத்ரூம் வாசலில் பார்த்தாலும் "பூட்டிட்டு வந்தீங்களா?" என்பார். பூட்டு சார் என்று பெயர் வைத்தோம். திருடன் வந்தால் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வருவான் என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

அன்று காலை ஓர் அம்மா போனில் அழுதார்.

"என் பொண்ணு யார்கிட்டயும் சொல்லாம ஊரை விட்டுப் போறாம்மா. எந்த பிளைட்டுன்னு மட்டும் சொல்லேன் கண்ணு."

பூட்டு சார் சொல்லிக்கொடுத்தபடியே பெண்ணின் முழுப் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் கேட்டேன். அத்தனையும் சரி. விடியற்காலை நாலேகாலுக்குப் பிறந்தவள் என்று நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெற்றவளைத் தவிர வேறு யாருக்கு இது தெரியும்?

பயணியின் பதிவில் இரண்டாம் பக்கம் ஒன்று உண்டு. எங்கள் ஓட்டைக் கம்ப்யூட்டரில் அது திறக்க மூன்று நிமிடம் ஆகும். சக்கர நாற்காலி, சாப்பாடு என்று சில்லறைக் குறிப்புகள்தானே என்று யாரும் திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணி விமானம் என்று சொல்லிவிட்டேன்.

"நீ நல்லா இருக்கணும்மா" என்றார். மனசு குளிர்ந்துபோய் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாலரை மணிக்கு விமான நிலைய வாசலில், டாக்ஸியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை அவள் புருஷன் கத்தியால் குத்தினான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள். இருபத்தாறு வயது.

கம்பெனியில் விசாரணை தொடங்கியது. பூட்டு சார் இரண்டாம் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். 'பயணி நேரில் வந்து கேட்டுக்கொண்டது: பயண விவரம் யாருக்கும் தரக்கூடாது. பெற்ற தாய் கேட்டாலும்.'

"கேட்டது நிஜமாவே அவங்க அம்மாதான். நம்பரைப் பாத்தாச்சு" என்றார்.

"அம்மாதானேன்னு சொல்லிட்டேன் சார்."

அவர் திட்டுவார் என்று பார்த்தேன். "பேசறது யாருன்னு கேக்கச் சொல்லிக்குடுத்தேன். யாரா இருந்தாலும் சொல்லாதேன்னு சொல்லிக்குடுக்கலையேம்மா" என்றார்.

ஒரு வாரம் கழித்து, அந்த விசாரணைக்கு வாக்குமூலம் கொடுக்க அந்த அம்மாவே ஆபீசுக்கு வந்தார். என்னைவிடக் குள்ளம். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்றுதான் கேட்டேன். என் குரல் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. திரும்பி என்னையே பார்த்தார். வாய்க்கு வந்தபடி சபித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் போன் பண்றப்ப பக்கத்துலயே நின்னு அழுதாம்மா அவன். சமாதானம் பேசிக் கூட்டிட்டு வர்றேன்னு என் கால்ல விழுந்தான். நம்பிட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

"நான் பெத்தவ, கேக்கத்தான் செய்வேன். நீ சொல்லாம இருந்திருக்கக் கூடாதா?"