கொய்யாக் கொழுந்து

பூமாலையின் கோடரிக்குக் கொய்யாக் காம்பு. வெட்டும்போது கை அதிராது என்பான். அதற்கான கிளையை அப்துல் ஜப்பார் குத்தகைக்கு எடுத்திருந்த கொய்யாத் தோட்டத்தில் அவனே வெட்டி இழைத்தான். பூமாலையும் அவன் மனைவி ஆண்டாளும் அங்கேதான் காவலுக்குக் குடியிருந்தார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. சங்கராபுரத்துக்குப் போகும் சாலையில் புளியமரங்களைச் சாய்க்கும் வேலை பூமாலையிடம் வந்தது. கிளை விரிந்த மரங்களாகப் பார்த்தான். பள்ளமும் ஓடையும் இருக்கிற இடமாகப் பார்த்துச் சாய்த்தான். அவன் போட்ட மரத்தைச் சுற்றி ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க அவனுக்குப் பிடித்திருந்தது.

ஜப்பாரின் பழம் லாரி ஏறவில்லை. அழுகுவதற்கு முன் கூடையோடு கொண்டுவந்து மறியல்காரர்களிடமே வைத்தார்.

“தின்னுங்கப்பா. கோடாலிக்குக் காம்பும் என் தோட்டம், உங்க வயித்துக்குப் பழமும் என் தோட்டம். கேக்கறதுல எனக்கும் கொஞ்சம் சேத்துக் கேளுங்க.”

“உனுக்கு இல்லாததா பாய்!” சிரித்தார்கள். பூமாலையும் சிரித்தான்.

மறுநாள் விடிந்ததும் மகள் பாப்பாத்திக்கு வயிற்றால் போனது. நான்கு வயது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. ஆண்டாள் கொய்யாக் கொழுந்தைக் கிள்ளி, இடித்து, கஷாயம் வைத்துப் புகட்டினாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் அதுதான் மருந்து. எப்போதும் கேட்டிருக்கிறது.

“அப்பா, தண்ணி.”

“தண்ணி குடிச்சா திரும்பியும் போவும் பாப்பா. நின்னதும் தரேன்.”

அவள் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமாலை அதை எடுத்துப் பரண்மேல் வைத்தான்.

ஜப்பார் வந்து குழந்தையைக் குனிந்து பார்த்தார்.

“கண்ணு உள்ள போய்க்கினு இருக்கு பூமால. வண்டில ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

“மரம் குறுக்க கெடக்குது பாய்.”

“நீ போட்ட மரந்தான? நாலு கெளைய வெட்டி வழி வுடு.”

“நானே போட்டு நானே வழி வுட்டா, ஊரு இன்னா பேசும்? கஷாயம் குடுத்திருக்கு. நின்னுடும்.”

ஜப்பார் ஆண்டாளைப் பார்த்தார். அவள் புருஷனைப் பார்த்தாள்.

மதியத்துக்கு மேல் நின்றுவிட்டது. ஆண்டாள் துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

“நின்னுடுச்சுய்யா. தண்ணியும் கேக்கல. அசந்து தூங்குது.”

பூமாலை சாலைக்குப் போய் எல்லோரிடமும் சொன்னான். அவர்கள் கொடுத்த பீடியைப் பற்றவைத்தான். திரும்பி வந்து மகளின் கையை எடுத்தான். சில்லென்று இருந்தது. வெகுநேரம் ஆற்றில் கிடந்தவள்போல விரல் நுனிகள் சுருங்கியிருந்தன.

“பாய்!” என்று கத்தினான்.

முதல் மரம்வரை ஜப்பாரின் வண்டியில் போனார்கள். அங்கே அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். கிளைகளுக்குள் குனிந்தான். ஒரு கிளையை விலக்கினால் இன்னொன்று முகத்தில் அடித்தது. குழந்தையின் பாவாடை சிக்கிக் கிழிந்தது. ஓடைப் பக்கம் இறங்கப் பார்த்தான். இறங்க முடியாதபடிதான் அவன் சாய்த்திருந்தான். பின்னால் ஜப்பார் வெறுங்கையால் கிளைகளை ஒடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மரத்தடியில் மறியல்காரர்கள் எழுந்து நின்றார்கள். வழிவிடக் கோடரிகள் கிளைகளில் விழுந்தன. பெரியவர் பிச்சைமுத்து குழந்தையின் முகத்தை நிமிர்த்தினார்.

“நாக்கு காஞ்சி கெடக்குதேடா. தண்ணியே குடுக்கலியா?”

“குடுக்கலாமா?” என்றான் பூமாலை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். “குடுக்கலாமா?”

யாரோ பானையிலிருந்து செம்பில் மொண்டு நீட்டினார்கள். அவன் சாலையில் உட்கார்ந்து அவளை மடியில் கிடத்தி ஊற்றினான். வாய் நிறைந்தது. கடைவாய் வழியே வழிந்து அவன் வேட்டியை நனைத்தது.

பிச்சைமுத்து தலைத்துண்டை எடுத்தார். கோடரிச் சத்தம் நின்றது.

“குடி பாப்பா,” என்றான் பூமாலை. “எவ்ளோ வேணுமோ குடி.”

செம்பு காலியானதும், இன்னொரு செம்பு கேட்டான்.